கண்ணுக்குத் தெரிந்தும் தேடலில் அகப்படாத தமிழ்

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, அதே கொடிசியா வளாகத்தில் தமிழ் இணைய மாநாடும் நடந்தது. ஊர்வலத்துக்கும் கவியரங்கத்துக்கும் திரண்ட கூட்டத்தில் பெரும்பாலோர் கவனித்திருக்க வாய்ப்பில்லாத ஓர் அரசாணை அந்த நாட்களில் வெளியானது. கணினியில் தமிழை எழுதிச் சேமிக்க யுனிகோட் குறியேற்றமே தரம், மாற்றுத் தரமாக டேஸ்-16 இருக்கும் என்று தமிழ்நாடு அரசு அதில் அறிவித்தது. கொங்கு மண்ணில் நடந்த அந்த மாநாட்டில் இன்றும் அன்றாடம் பயன் தந்துகொண்டிருப்பது எது என்று கேட்டால், அந்த ஆணையைத்தான் சொல்வேன்.

இணையதளத் தரநிலைகள் பற்றிய பேச்சு ஆங்கில உலகில் பெரும்பாலும் தொழில்நேர்த்தி பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. நம் நிலை வேறு. பொதுத் தரநிலை இல்லாமல் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் இணையத்தில் வாழ்ந்து பார்த்த மொழி தமிழ். எழுதியது திரையில் தெரிந்தது, தேடினால் கிடைக்கவில்லை. அந்த இழப்பு எப்படி நேர்ந்தது என்று புரிந்துகொண்டால், இன்று பவானியில் ஒரு ஜமக்காள விற்பனையாளர் தனக்கென்று தளம் கட்டும்போது எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

1990களின் நடுவில் தமிழ்ப் பக்கங்கள் இணையத்தில் ஏறத் தொடங்கின. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம், மலேசியாவில் முத்து நெடுமாறன் என்று கடல் கடந்த தமிழர்களே அதில் முன்னோடிகள். அன்றைய கணினி ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறிந்திருந்தது. ஆகவே, ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து எழுத்துருக்களைச் செய்தார்கள். பாமினி எழுத்துருவில் ‘பவானி’ என்று எழுதினால், கோப்புக்குள்ளே பதிவாவது ஜி, டீ, எச், டி, பி என்ற ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகள். அந்த எழுத்துரு உள்ள கணினியில் அது பவானி. இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலக் கிறுக்கல்.

ஒவ்வொரு நாளிதழும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தது. பவானிசாகரிலும் மேட்டூரிலும் தண்ணீர் திறந்துவிடப்பட்டு, பவானி கூடுதுறைப் படிக்கட்டுகள் மூழ்கின என்ற ஒரே செய்தியை மூன்று நாளிதழ்கள் வெளியிட்டால், இணையத்தில் அது மூன்று வெவ்வேறு கிறுக்கல்களாகக் கிடக்கும். வாசகர் அந்தந்த எழுத்துருவை இறக்கி நிறுவிக்கொண்டு மூன்றையும் படித்துவிடலாம். தேடுபொறிக்குக் கண் இல்லை. அது கோப்பில் உள்ள குறியெண்களை மட்டுமே படிக்கும். அதன் கணக்கில் அந்த மூன்று பக்கங்களுக்கும் பவானியோடு எந்தத் தொடர்பும் இல்லை.

பிறகு ‘இயங்கு எழுத்துரு’ வந்தது. பக்கத்தோடு சேர்ந்தே எழுத்துருவும் இறங்கிவிடும் என்பதால் வாசகரின் தொல்லை குறைந்தது. ஆனால் மைக்ரோசாஃப்டின் முறை இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் வேலை செய்தது, நெட்ஸ்கேப்புக்கு வேறொரு முறை தேவைப்பட்டது. தேடலின் நிலையிலோ எந்த மாற்றமும் இல்லை. இதை ஒரு கேடாகவே நான் பார்க்கிறேன். தோற்றத்தில் இருந்த குறை நீங்கிவிட்டதால், உள்ளே இருந்த குறையைப் பற்றி யாரும் கவலைப்படாமல் போனார்கள். பல ஆண்டுச் செய்திகளும் கட்டுரைகளும் அப்படியே ஏற்றப்பட்டன.

ஒழுங்குபடுத்தும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1997 முதல் மின்னஞ்சல் குழுவில் விவாதித்து உருவாக்கிய டிஸ்கி குறியேற்றம், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டின் வழியே வந்த டாம், டாப் குறியேற்றங்கள், அதோடு வந்த தமிழ்99 விசைப்பலகை ஆகியவை எல்லாம் நேர்மையான உழைப்பின் பயன்கள். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய குறியேற்றங்களில் வெளியிட்ட இலக்கிய நூல்களைப் பிறகு யுனிகோடுக்கும் கொண்டுவந்தது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியைச் சுற்றித் திரண்ட வலைப்பதிவர்களும் யுனிகோடிலேயே எழுதினார்கள். பெரிய அச்சு நிறுவனங்கள் தயங்கிக்கொண்டிருந்த காலத்தில், சம்பளம் வாங்காமல் எழுதியவர்கள்தாம் தேடலில் கிடைக்கும் தமிழை உருவாக்கினார்கள். 2005 வாக்கில் தமிழில் ஒரு சொல்லைத் தட்டித் தேடியவருக்கு பல பத்தாண்டுப் பெருமையுள்ள நாளிதழைவிட ஒரு கல்லூரி மாணவரின் வலைப்பதிவு எளிதாகக் கிடைத்ததற்கு இதுவே காரணம்.

யுனிகோட் வந்ததும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ‘கொங்கு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். டிஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்து ககரம், அதன்பின் கால் என்று பதிவாகும். யுனிகோடில் உச்சரிப்பு வரிசைப்படி மெய் முதலில், உயிர்க்குறி பின்னால். அந்த ‘கொ’வையும் இரண்டு வகையாக எழுத முடியும். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்க்கலாம், அல்லது ககரத்தோடு கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். முதல் வகையில் ‘கொங்கு’ ஆறு குறியெண்கள், இரண்டாவதில் ஏழு. திரையில் இரண்டுக்கும் மயிரிழை வேறுபாடு தெரியாது. இவ்விரண்டும் ஒன்றே என்று யுனிகோட் தரநிலை விதித்து, இயல்பாக்கம் என்ற வழிமுறையையும் தந்திருக்கிறது. பெரிய தேடுபொறிகள் இதைக் கவனித்துக்கொள்கின்றன. ஓர் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் தளத்தில் உள்ள சிறிய தேடல் பெட்டியோ, அதை எழுதிய நிரலாளர் அந்த ஒரு வரியைச் சேர்க்காவிட்டால், கொங்கு என்று தேடுபவரிடம் ‘எதுவும் இல்லை’ என்று சொல்லிவிடும்.

இதைவிடக் கடினமானது ஔவையார் பெயர். ‘ஔ’ என்பது ஒரே உயிரெழுத்து, அதற்குத் தனிக் குறியெண் உண்டு. ஆனால் விசைப்பலகையில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவையார்’ என்று எழுதுபவர்கள் ஏராளம். இவை இரண்டும் ஒன்றென எந்தத் தரநிலையும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஏனென்றால் ‘ஒளி’ என்ற சொல்லில் அதே இரண்டு எழுத்துகள் முறையாகவே அடுத்தடுத்து வருகின்றன. கணினிக்கு இங்கே மனிதர் உதவ வேண்டியிருக்கிறது. தரநிலையின் எல்லை இது. பிழை திருத்துபவரின் வேலை இங்கிருந்து தொடங்குகிறது.

டேஸ்-16 பற்றியும் சொல்லியாக வேண்டும். யுனிகோடில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட 128 இடங்கள், இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த 1988ஆம் ஆண்டு இஸ்கி அட்டவணையைப் பின்பற்றியவை. தமிழின் உயிர்மெய்கள் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தராதது அநீதி என்று வாதிட்டவர்கள், 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தரும் டேஸ்-16ஐ உருவாக்கினார்கள். மொழியியல் நோக்கில் அந்த வாதத்தில் வலு உண்டு. ஆனால் அந்த எழுத்துகளை வைக்க முடிந்த இடம், யார் வேண்டுமானாலும் தம் விருப்பப்படி பயன்படுத்தலாம் என்று யுனிகோட் விட்டுவைத்த தனிப்பயன் பகுதிதான். உலகின் எந்தத் தேடுபொறிக்கும் அங்கே உள்ளது தமிழ் என்று தெரியாது. நியாயமான குறைபாடு உள்ள ஒரு பொதுத் தரத்தையும், குறையற்ற ஆனால் தனித்து நிற்கும் ஒரு தரத்தையும் எதிரெதிரே வைத்தால், இணையத்தில் வாழ வேண்டிய மொழி முன்னதைத்தான் எடுத்தாக வேண்டும்.

எழுத்தை எப்படிக் குறிப்பது என்பது அடித்தளம் மட்டுமே. அதன்மேல் பக்கத்தை எப்படிக் கட்டுவது என்பதை 1994இல் டிம் பெர்னர்ஸ்-லீ நிறுவிய டபிள்யூ3சி கூட்டமைப்பும் பிற அமைப்புகளும் வகுத்தன. உள்ளடக்கத்தின் அமைப்பை எச்டிஎம்எல் சொல்லும்: இது தலைப்பு, இது பத்தி, இது இணைப்பு, இது அட்டவணை. தோற்றத்தைச் சிஎஸ்எஸ் சொல்லும். 1996 டிசம்பரில் சிஎஸ்எஸ்ஸின் முதல் பதிப்பு வந்த பிறகும் உலாவிகள் ஆளுக்கொரு விதமாக நடந்துகொண்டன. அதை எதிர்த்து 1998இல் வலைத் தரநிலைத் திட்டம் என்ற இயக்கத்தை வடிவமைப்பாளர்களே தொடங்கினார்கள். எந்த உலாவியில் திறந்தாலும் ஒரே பக்கம் ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்ற இன்றைய எதிர்பார்ப்பு அவர்கள் போராடிப் பெற்றது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். தரநிலைச் சோதனையில் பிழையின்றித் தேறிய பக்கத்தை கூகுள் அதற்காகவே மேலே ஏற்றிவிடும் என்று சிலர் விற்கிறார்கள். அப்படி ஒரு விதி இல்லை. தலைப்பு நிலைகள் வரிசை பிறழ்ந்தாலும் தேடலுக்குப் பாதகமில்லை என்று கூகுளின் வழிகாட்டியே சொல்கிறது. பக்கத்தின் தலைப்பகுதியில் குறிச்சொற்களை அடுக்கி வைப்பதைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பதில்லை என்று 2009 செப்டம்பரிலேயே அது அறிவித்துவிட்டது. இன்றும் கோவையிலும் ஈரோட்டிலும் சிறு வணிகர்களிடம் ‘குறிச்சொல் போட்டுத் தருகிறோம், முதல் பக்கத்தில் வரும்’ என்று பணம் வாங்குபவர்கள் இருப்பது வருத்தமானது. முதலிடத்துக்கு யாராலும் உறுதி தர முடியாது என்பதையும் கூகுள் எழுத்திலேயே வைத்திருக்கிறது.

அப்படியானால் தரநிலையால் தேடலுக்கு என்ன நன்மை? நேரடி மதிப்பெண் கிடைப்பதில்லை. பக்கம் முழுதாகப் படிக்கப்படும், அவ்வளவுதான், ஆனால் அது சிறிய விஷயமல்ல. தேடுபொறியின் சிலந்தி ஒரு பக்கத்திலிருந்து அடுத்ததற்குப் போவது முறையான இணைப்புக் குறியின் வழியாகத்தான். பார்ப்பதற்குப் பொத்தான் போலவும், அழுத்தினால் நிரல் ஓடிப் பக்கம் மாறுவது போலவும் செய்துவைத்தால், மனிதர் போவார், சிலந்தி வாசலிலேயே நின்றுவிடும். உள்ளடக்கம் முழுவதையும் ஜாவாஸ்கிரிப்ட் வழியாகக் கொண்டுவரும் தளங்களை கூகுள் தனியாக ஒரு முறை இயக்கிப் பார்த்தே புரிந்துகொள்கிறது. அந்த இயக்கம் தடைபட்டால் அதற்குக் கிடைப்பது வெற்றுப் பக்கம். எச்டிஎம்எல்லிலேயே செய்தி இருக்கும் எளிய பக்கத்துக்கு இந்த ஆபத்து எதுவும் இல்லை.

தமிழ்நாட்டில் இன்று நடக்கும் பெரிய தவறு வேறு. எழுத்தைப் படமாக்குகிறோம். ஆடிப்பெருக்குக்கும் ஆடி அமாவாசைக்கும் கூடுதுறையில் கூட்டம் அலைமோதும். எந்தப் படித்துறையில் நீராட அனுமதி, வண்டிகளை எங்கே நிறுத்துவது, நீர்வரத்து மிகுந்திருந்தால் தடை உண்டா என்பவை ஆயிரக்கணக்கானோர் தேடும் செய்திகள். இத்தகைய அறிவிப்புகள் நம் ஊர்களில் வண்ணச் சுவரொட்டிப் படமாக வடிவமைக்கப்பட்டு வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. தளம் என்று ஒன்று இருந்தாலும் அதே படத்தை அங்கேயும் ஒட்டிவிடுகிறார்கள். படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் தொழில்நுட்பம் வளர்ந்திருக்கிறது. ஆனால் ஒரு பக்கத்தின் பொருளை அறியத் தேடுபொறி முதன்மையாக நம்புவது அதிலுள்ள எழுத்தைத்தான். படத்துக்கு மாற்று உரை எழுத வேண்டும், எழுத்தாகவே தர முடிந்ததைப் படமாகத் தரக் கூடாது என்று அணுகல் வழிகாட்டிகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. பாமினி காலத்துப் பிழையை நாம் வேறு உருவில் மறுபடி செய்துகொண்டிருக்கிறோம்.

பவானி ஜமக்காளத்துக்கு 2005–06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறிக்கென்று சட்டப்படி ஒதுக்கப்பட்ட துணிவகைகளிலும் ஜமக்காளம் இருக்கிறது. அப்படியிருந்தும் விசைத்தறியில் ஓட்டிய விரிப்புகள் அதே பெயரில் விற்கப்படுவதாக நெசவாளர்கள் நெடுங்காலமாக முறையிட்டுவருகிறார்கள். சட்டம் தரும் பெயருரிமை நீதிமன்றத்தில் செல்லும். வாங்க நினைக்கும் ஒருவர் கைப்பேசியில் தேடும் நேரத்தில், அந்தச் சான்றிதழைத் தேடுபொறி எடுத்துப் பார்ப்பதில்லை. யார் தம் பக்கத்தில் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்களோ, அவர்களையே அது காட்டும். குழித்தறியில் நெய்தது, பருத்தி நூலா செயற்கைப் பட்டு நூலா, நீள அகலம் என்ன, புவிசார் குறியீட்டை முறையாகப் பயன்படுத்தும் உரிமை உள்ளவரா என்பவற்றை எழுத்தில் வைக்கும் உண்மையான நெசவாளர் சங்கம், ஐந்து படங்களை மட்டும் அடுக்கிவைக்கும் சங்கத்தைவிட எளிதில் அகப்படும்.

பெயரிலும் சிக்கல் உண்டு. ஜமக்காளம் என்பார்கள், ஜமுக்காளம் என்பார்கள், சமக்காளம் என்றும் எழுதுவார்கள். ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் தத்தம் காதில் விழுந்தபடி தட்டுவார்கள். ‘பவானி’யோ ஊர், ஆறு, அம்மன், பெண்ணின் பெயர் என்று பலவற்றுக்கும் உரியது, அருகிலேயே பவானிசாகரும் இருக்கிறது. 2011இல் கூகுள், பிங், யாகூ மூன்றும் சேர்ந்து தொடங்கிய ஸ்கீமா சொற்தொகுதி இந்த மயக்கத்தைத் தீர்க்க உதவுகிறது. இந்தப் பக்கம் ஒரு பொருளைப் பற்றியது, அது நெய்யப்படும் இடம் ஈரோடு மாவட்டத்திலுள்ள பவானி என்னும் ஊர், விலை இவ்வளவு என்று கணினிக்குப் புரியும் வடிவில் பக்கத்துக்குள்ளேயே எழுதிவிடலாம். பெயரின் வேறு வழக்குகளைப் பத்திக்குள் இயல்பாக ஓரிடத்தில் சொன்னால் போதும். வரிக்கு வரி திணித்தால் படிப்பவர் ஓடிவிடுவார், தேடுபொறியும் அதைக் குப்பையாகவே எடுத்துக்கொள்ளும்.

மொழிக்குறி பற்றி அடிக்கடி ஒரு குழப்பம் நேர்கிறது. பக்கத்தின் தொடக்கத்தில் ‘இது தமிழ்’ என்று குறிப்பது தரநிலை. ஆனால் பக்கத்தின் மொழியை அறிய கூகுள் அந்தக் குறியைப் பார்ப்பதில்லை, கண்ணுக்குத் தெரியும் எழுத்தையே பார்க்கிறது. பிறகு அது யாருக்கு? பார்வையற்ற வாசகருக்கு. என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் அந்தக் குறியைக் கண்டதும் தமிழ்க் குரலுக்கு மாறும். குறி இல்லாவிட்டாலோ, ஆங்கிலம் என்று தவறாகக் குறித்திருந்தாலோ, தமிழ் எழுத்துகளை ஆங்கிலக் குரலிடம் கொடுத்துவிடும். அங்கே வருவது உளறல் அல்லது மௌனம். தேடலில் பயனில்லை என்பதற்காக இந்த ஒரு சொல்லை விட்டுவிடும் வடிவமைப்பாளர், ஒரு பகுதி வாசகர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார் என்பதை அறிய வேண்டும்.

இது நல்லெண்ணத்தின் எல்லையைத் தாண்டிச் சட்டமாகவும் ஆகிவிட்டது. இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டி 2009இல் வெளியாகி, 2023இல் மூன்றாம் பதிப்பு கண்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று, மின்னணு முறையில் வாடிக்கையாளரை அடையாளம் காணும் நடைமுறை தொடர்பான பிரக்யா பிரசூன் வழக்கில், மின்வழிச் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஈரோடு உள்ளிட்ட மாவட்டங்களின் அரசுத் தளங்கள் தேசியத் தகவலியல் மையத்தின் பொதுச் சட்டகத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் அமைந்திருப்பது இந்தத் திசையில் வரவேற்கத்தக்க அடி.

கைப்பேசி பற்றியும் வேகம் பற்றியும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2016இல் அறிவித்த கைப்பேசி முதன்மை அட்டவணையாக்கத்தை கூகுள் 2023 அக்டோபரில் நிறைவு செய்தது. கைப்பேசியில் எது தெரிகிறதோ அதுவே இப்போது தேடுபொறிக்கும் பக்கம். தமிழுக்கு மட்டும் உரிய இரண்டு செய்திகள் உண்டு. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியெண்ணுக்கு மூன்று பைட்டுகள் ஆகும். ‘பவானி’ என்பதை இணைய முகவரியில் வைத்து நகலெடுத்து ஒட்டினால் அது 45 குறிகளாக நீண்டு, படிக்க முடியாத சரடாகிவிடும். தேடலுக்கு அதனால் பாதிப்பில்லை, மனிதர் பகிரும்போதுதான் தொல்லை. இரண்டாவது, தமிழின் நீண்ட கூட்டுச்சொற்கள் குறுகிய திரையை மீறி வெளியே போய்விடும். அவற்றை எங்கே மடிப்பது என்ற சிஎஸ்எஸ் விதி ஒவ்வொரு தமிழ்த் தளத்திலும் எழுதப்பட வேண்டும். கைப்பேசியில் எழுத்து வெட்டுப்பட்டுத் தெரியும் தளங்களில் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான் விடுபட்டிருக்கிறது.

ஆகவே பவானியில் தளம் கட்டித் தரச் சொல்லும் சங்கமோ கடையோ, வண்ணத்தையும் அசையும் படங்களையும் பேசுமுன் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியவை இவை: எழுத்தெல்லாம் யுனிகோடில், எழுத்தாகவே இருக்க வேண்டும், ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு, படங்களுக்குத் தமிழில் மாற்று உரை, மொழிக்குறி, உண்மையான இணைப்புகள், உள்ளடக்கம் முழுவதையும் வேறு இடத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமை. கடைசியில் சொன்னதே எனக்கு மிக முக்கியம். தரநிலைப்படி கட்டிய தளத்தை நாளை வேறொருவரிடம் கொடுத்து வளர்க்கலாம். ஒருவரின் சொந்த முறையில் கட்டியதை அவர் தொழிலை விட்டதும் தூக்கிப்போட வேண்டியதுதான்.

பழையவை இன்னும் கிடக்கின்றன. அரசு அலுவலகங்களில் வானவில் எழுத்துருவில் தட்டி, பிடிஎஃப் ஆக்கி ஏற்றிய ஆவணங்களைத் திறந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால், இன்றும் ஆங்கிலக் கிறுக்கல்தான் வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் மருதம் முதலான யுனிகோட் எழுத்துருக்களை இலவசமாகவே தருகிறது. இனி எழுதுவதற்குத் தடையில்லை. ஏற்கெனவே எழுதியதை மாற்ற பாமினி, டிஸ்கி, டாப் போன்றவற்றுக்கு மாற்றிகளும் உள்ளன. நாளிதழ்களும் பதிப்பகங்களும் தமக்கென்றே செய்வித்த எழுத்துருக்கள்தாம் சிக்கல். எந்த ஆங்கிலக் குறிக்கு எந்தத் தமிழ் வடிவம் என்ற அட்டவணை அவற்றை வடிவமைத்தவர்களிடமும் அச்சுக்கோத்தவர்களிடமும் மட்டுமே இருக்கிறது. அவர்களில் பலர் இப்போது முதுமையில் இருப்பார்கள். கோவையிலும் ஈரோட்டிலும் உள்ள கல்லூரிகளின் தமிழ்த் துறையும் கணினித் துறையும் சேர்ந்து, அந்த அட்டவணைகளை அவர்களிடமிருந்து கேட்டு வாங்கிப் பொதுவில் வைக்கும் வேலையை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.